இல்லத் தோட்டம்: பூ உதிர்ந்த ஆர்க்கிட்டைக் காப்பது எப்படி?



பெருநாளுக்கும் நிக்காஹ் விருந்துக்கும் பழக்கூடையும் இனிப்புப் பெட்டியும் கொண்டு செல்வது நம்மிடையே நெடுநாள் வழக்கம். அண்மைக் காலமாக அந்த இடத்தில் இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. பூத்துக் குலுங்கும் ஆர்க்கிட் செடியைத் தொட்டியோடு கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வந்த நாளில் அதற்குக் கிடைக்கும் மரியாதையே தனி. கூடத்தின் நடுவே மேசையில் அமர்த்தப்படுகிறது; வருவோர் போவோரெல்லாம் தொட்டுப் பார்த்து, இது மெய்யான பூவா, காகிதப் பூவா என்று கேட்கிறார்கள். இரண்டு மாதம், சில வேளைகளில் மூன்று மாதம்கூட அந்தப் பூக்கள் வாடாமல் நிற்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கி, ஒருநாள் நாலைந்து தடித்த இலைகளும் ஒரு மொட்டைக் குச்சியும் மட்டும் எஞ்சுகின்றன.

அன்றைக்குத்தான் அந்தச் செடி பிழைக்குமா, மடியுமா என்பது முடிவாகிறது. சில இல்லங்களில், "இதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வேறு சில இல்லங்களில் இரக்கம் மேலிட்டு, நாள் தவறாமல் செம்பு செம்பாகத் தண்ணீர் வார்க்கிறார்கள். ஒரு மாதத்தில் இலைகள் துவண்டு, அடித்தண்டு அழுகி, அதுவும் குப்பைக்கே போகிறது. எறியப்பட்டு மடியும் செடிகளைக் காட்டிலும், அன்பால் மூழ்கடிக்கப்பட்டு மடிபவையே மிகுதி என்பது என் கணிப்பு.

விடுமுறைக்கு வந்த மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பயணம் போன செடியாக இருந்துவிட்டால், உம்மாவுக்கு அதை எறிய மனம் வருவதில்லை. அவன் அடுத்து ஊர் வரும்போது இது உயிரோடு இருக்குமா, மறுபடியும் பூக்குமா என்று கவலைப்படும் சகோதரிகளுக்காகவே இம்மாதம் இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். முறையாகக் கவனித்தால் ஆர்க்கிட் பத்து, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. பூ உதிர்வதென்பது அதற்கு ஓய்வுக் காலம். மல்லிகையும் ரோஜாவும் பூத்து ஓய்வதைப் போன்றதே இதுவும்.

ஆனால் மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் செய்வதை இதற்குச் செய்யலாகாது. ஏன் என்பது விளங்கிவிட்டால் மற்றவை எளிதாகிவிடும்.

நம் வீடுகளுக்கு வரும் ஆர்க்கிட்டுகளின் மூதாதைகள் மண்ணில் வளர்ந்தவை அல்ல. மழைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, வேர்கள் காற்றில் தொங்க வாழ்ந்தவை. தொற்றுத் தாவரம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மரத்தில் ஒட்டியிருந்தாலும் அந்த மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை; குடியிருக்க இடம் மட்டும் கேட்கும். மழை பெய்யும்போது வேர் நனையும். மழை நின்றதும் காற்றில் உலரும். மீண்டும் நனையும், மீண்டும் உலரும். இந்த நனைதலுக்கும் உலர்தலுக்கும் ஏற்ற வகையில் வேரைச் சுற்றி வெலாமன் எனப்படும் ஒரு பஞ்சு போன்ற உறை அமைந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் அதை நொடிகளில் உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் அந்த உறைக்கு உண்டு. உலர்ந்திருக்கையில் வெள்ளி நிறமாகவும், நனைந்திருக்கையில் உள்ளிருக்கும் பச்சை தெரியும்படியும் அது நிறம் மாறும். இந்த நிற மாற்றத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எப்போது நீர் வார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல அறிவிப்பு வேறில்லை.

நம் நாட்டுச் சமவெளி மரங்களிலேயே வளரும் வாண்டா இனமும் இப்படிப்பட்டதுதான். மாமரக் கிளைகளில்கூட அதைக் காணலாம். வாண்டா என்னும் பெயரே வடமொழியிலிருந்து தாவரவியலுக்குப் போனது. சிங்கப்பூருக்குக் கப்பலேறிப் பிழைத்த நம் குடும்பங்களுக்கு ஆர்க்கிட் புதிதன்று. அந்நாட்டில் ஆக்னஸ் ஜோகிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணி தம் தோட்டத்தில் கண்ட கலப்பினத்தை, 1893-ல் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி உலகுக்கு அறிவித்தார். அந்த மலரே 1981-ல் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. இடையில் ஒரு சொல்: அங்கிருந்து வருபவர்களிடம் செடியைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வெளிநாட்டுச் செடிகளுக்கு இறக்குமதி அனுமதியும், நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும்; ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே பன்னாட்டு வணிக ஒப்பந்தக் கட்டுப்பாட்டின் கீழ் வருகிறது. இங்குள்ள நாற்றுப் பண்ணைகளிலேயே இப்போது வேண்டிய வகை கிடைக்கிறது.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

முதலில் இதை அறிந்துகொள்ள வேண்டும். பரிசாக வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை. வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போன்ற அகன்ற பூக்களும், அடியில் எதிரெதிராக அடுக்கிய அகன்ற, சதைப்பற்றான இலைகளும் இருந்தால் அது ஃபலனோப்சிஸ். 1825-ல் கார்ல் லுட்விக் புளூம் என்னும் தாவரவியலாளர் கிரேக்க மொழியில் அந்துப்பூச்சி போன்றது என்னும் பொருள்பட இப்பெயரைச் சூட்டினார். இந்தோனேசியா 1993-ல் தன் தேசிய மலர்களுள் ஒன்றாக அறிவித்ததும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பூவையே. மற்றொன்று டென்ட்ரோபியம். கரும்புக் கழியைச் சிறிதாக்கி நட்டது போன்ற கணுக்களுள்ள தண்டுகள், அவற்றின் மேற்பகுதியில் இலைகள், உச்சியிலிருந்து வளைந்து வரும் பூங்கொத்து. ஊதா, வெள்ளை நிறங்களில் மேடை அலங்காரத்துக்கு வருபவை பெரும்பாலும் இவையே.

பூ உதிர்ந்தபின் இவ்விரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. இதை அறியாமல் ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குச் செய்பவர்கள் மிகுதி.

ஃபலனோப்சிஸில் பூத்த தண்டு மஞ்சளாகவோ பழுப்பாகவோ காய்ந்துவிட்டால், அடியில் ஓர் அங்குலம் விட்டு நறுக்கிவிடலாம். பச்சையாகவே இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. அடியிலிருந்து எண்ணி இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், அக்கணுவிலிருந்து கிளைத்து இரண்டு, மூன்று மாதங்களில் மறுபடி சில பூக்கள் வரக்கூடும். முதல் முறை வந்த அளவுக்குப் பெரிதாக இரா. செடி நலமாக, தடித்த இலைகளோடு இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். இலை இரண்டோ மூன்றோதான், அவையும் வாடியிருக்கின்றன என்றால், பச்சைத் தண்டாயினும் அடியோடு நறுக்கிவிடுங்கள். பெற்றெடுத்த உடனே மீண்டும் சுமக்கச் சொல்வது செடிக்கும் நியாயமில்லை. எனக்குக் கேட்டால், நம் வெப்பத்தில் எல்லாச் செடிக்கும் இந்த இரண்டாம் வழியே நல்லது என்பேன்.

டென்ட்ரோபியத்தில் பூ இருந்த மெல்லிய காம்பு காய்ந்ததும் அதை மட்டும் நறுக்க வேண்டும். தடித்த தண்டைத் தொடவே கூடாது. இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்பினும் அது வெறும் குச்சியன்று. நீரும் உணவும் சேமித்து வைக்கும் களஞ்சியம் அது. அடுத்த குருத்து அதிலிருந்தே உணவு எடுத்து வளரும். பழைய தண்டே மறுபடி பூப்பதும் உண்டு. முற்றிலும் சுருங்கி, காய்ந்த சருகு நிறம் அடைந்த தண்டை மட்டும் அகற்றலாம். அழகு கெடுகிறது என்று மொட்டைத் தண்டுகளையெல்லாம் நறுக்கிவிட்டு, செடி ஏன் மெலிகிறது என்று கேட்பது வழக்கமாக இருக்கிறது.

வெட்டும் கத்தியையோ கத்தரிக்கோலையோ அடுப்புச் சுவாலையில் காட்டி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது மறுபடியும் காட்டுங்கள். ஆர்க்கிட்டுகளைத் தாக்கும் நச்சுயிரிகள் வெட்டுக்கருவி வழியாகவே பரவுகின்றன. அவற்றுக்கு மருந்தே கிடையாது. வெட்டிய வாயில் சமையலறைப் பட்டையைப் பொடித்துச் சிறிது தொட்டு வைத்தால் பூஞ்சை அண்டாது. பட்டைத் தூளை வேரில் மட்டும் தூவிவிடாதீர்கள்; அது வேரை உலர்த்திவிடும்.

தண்ணீர்

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். "எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும்?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரே விடை சொல்பவரை நம்பாதீர்கள். தொட்டி எதனால் ஆனது, உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது, காற்று எவ்வளவு வீசுகிறது, பருவம் எது என்பவற்றைப் பொறுத்தே அது அமையும். கரித்துண்டும் செங்கல் ஜல்லியும் நிரப்பிய மண்தொட்டியில், மொட்டை மாடி நிழல்வலைக்குக் கீழ் இருக்கும் டென்ட்ரோபியத்துக்குச் சித்திரை வெயிலில் அன்றாடம் காலையில் நீர் தேவைப்படும். அதே நாளில் கூடத்துக்குள் பாசி நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும் ஃபலனோப்சிஸுக்கு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். மரப்பட்டைத் துண்டுகளில் இருப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறையும் போதும். இவையும் தோராயமான கணக்குகளே. நாள்காட்டியைப் பார்த்து வார்க்காமல் வேரைப் பார்த்து வாருங்கள்.

ஃபலனோப்சிஸைக் கண்ணாடி போன்ற தொட்டியில் விற்பதன் காரணம் இதுவே. ஓரமாகத் தெரியும் வேர்கள் பச்சையாக இருந்தால், உள்பக்கம் நீராவித் துளிகள் படிந்திருந்தால், பொறுத்திருங்கள். வேர் வெள்ளி நிறமாகி, துளிகளும் மறைந்துவிட்டால் நீர் வார்க்கும் நாள் வந்துவிட்டது. மண்தொட்டியாயின் தூக்கிப் பாருங்கள். நனைந்த தொட்டியின் கனமும் உலர்ந்ததன் கனமும் நாலைந்து முறையில் கைக்குப் பழகிவிடும். ஐயம் இருந்தால் கபாப் செய்யும் மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி ஈரமாகக் கருத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். மேலே உலர்ந்திருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது; நடுவில்தான் ஈரம் தங்கும்.

வார்க்கும்போது அரைகுறையாக வார்க்கக் கூடாது. மேலே இரண்டு கரண்டி தெளித்துவிட்டு நகர்வதால் நடுவேர் தாகத்தோடும் ஓரவேர் ஈரத்தோடும் இருக்கும். சுபுஹுத் தொழுகை முடிந்த நேரம் இதற்கு மிகப் பொருத்தம். வெயில் ஏறுவதற்குள் இலையில் பட்டது உலர்ந்துவிடும். தொட்டியைக் குழாயடிக்கு எடுத்துச் சென்று, ஒரு நிமிட நேரம் உள்ளிருப்பவை எல்லாம் நனைந்து அடித்துளை வழியாக வழிந்தோடும்படி ஊற்றுங்கள். கால் மணி நேரம் வடியவிட்டு, பிறகு இடத்தில் வையுங்கள். பலவற்றை ஒரே வாளி நீரில் மாற்றி மாற்றி அமிழ்த்தி எடுப்பது எளிதாகத் தோன்றும். ஒன்றுக்கு வேரழுகல் இருந்தால் எல்லாவற்றுக்கும் அது தொற்றிக்கொள்ளும்.

ஃபலனோப்சிஸின் இலைகள் கூடும் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கிவிட்டால் அதைப் பஞ்சாலோ மெல்லிய துணியாலோ ஒற்றி எடுத்துவிட வேண்டும். காட்டில் இச்செடி கிளையிலிருந்து சாய்ந்து தொங்குவதால் மழைநீர் தானே வழிந்துவிடும். நாம் அதை நிமிர்த்தி நட்டிருக்கிறோம். குருத்து அழுகிவிட்டால், ஒரே வளர்முனை உடைய இச்செடியைக் காப்பது அரிது. தொட்டிக்கு வெளியே அழகுக்காக இருக்கும் பீங்கான் சட்டியிலும், அடித்தட்டிலும் நீர் நிற்க விடாதீர்கள். வேருக்கும் கேடு, டெங்குக் கொசுவுக்கும் அதுவே தொட்டில்.

இலை துவண்டு சுருங்கினால் என்ன பொருள்? இங்கேதான் நல்ல மனத்தோடு செய்யும் காரியம் பிழையாக முடிகிறது. தண்ணீர் போதாவிட்டாலும் இலை சுருங்கும். தண்ணீர் மிகுந்து வேர் அழுகிவிட்டாலும், உறிஞ்ச வேரில்லாமல் இலை சுருங்கும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றே. தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றினால் எஞ்சிய வேரும் போகும். ஆகையால் இலை வாடியதும் செம்பை எடுக்காமல், தொட்டியிலிருந்து செடியை மெல்ல வெளியே எடுத்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருப்பவை நல்ல வேர்கள், வெள்ளையோ பச்சையோ. பழுப்பாகி, கொழகொழவென்று, உறை கழன்று நார்போல் வருபவை இறந்தவை. இறந்தவற்றை நறுக்கிவிட்டு, ஒருநாள் நிழலில் உலரவிட்டு, புதிய கலவையில் வைத்தால் இரண்டு, மூன்று நல்ல வேர் எஞ்சியிருந்தாலும் செடி பிழைத்துக்கொள்ளும். தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காற்று வேர்களை மட்டும் நறுக்காதீர்கள். அவையும் வேலை செய்கின்றன.

எந்தத் தண்ணீர் என்பதும் கேட்கத் தக்கது. மழைநீருக்கு இணையில்லை. மாடியில் ஒரு வாளி வைத்துப் பிடித்து, மூடி வைத்துக்கொள்ளலாம். கடலோர ஊர்களின் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்பு மிகுந்தவை. தொடர்ந்து வார்த்தால் கரியிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்து வேர்நுனி கருகும். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் நல்ல பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆர்க்கிட்டுக்கு மட்டும் அது வேண்டாம். குழாய் நீரின் உப்பெல்லாம் செறிந்து வருவது அந்தக் கழிவில்தான். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் உப்பற்றது. தூய வாளியில் பிடித்தால் தாராளமாக ஊற்றலாம்.

கறி, மீன் கழுவிய நீரை ரோஜாவுக்கு ஊற்றி நன்றாகப் பூத்தது என்று மாமிமார்கள் சொல்வார்கள். ரோஜாவுக்கு மண் இருக்கிறது. அதை மக்கச் செய்ய மண்ணில் உயிர்கள் இருக்கின்றன. ஆர்க்கிட்டின் கரித்துண்டுகளுக்கிடையில் அது நாற்றமெடுத்து எறும்பையும் பூஞ்சையையும்தான் அழைக்கும். அரிசி களைந்த நீருக்கும் அதே சொல்லைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் வாரம் மூன்று பனிக்கட்டித் துண்டுகளை வைத்தால் போதும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அது செடிக்குக் கேடா என்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ந்து, மரப்பட்டையில் வளரும் ஃபலனோப்சிஸுக்குக் கேடில்லை என்று 2017-ல் வெளியிட்டார்கள். அளந்து ஊற்றத் தெரியாதவர் மிகுதியாக ஊற்றாமல் தடுப்பதே அம்முறையின் நன்மை. நம் கோடைக்கு அந்த மூன்று துண்டு எம்மூலைக்கு? குழாயடி முறையே நமக்கு ஏற்றது.

உரமும் ஒளியும் தொட்டி மாற்றமும்

பூ உதிர்ந்தபின் செடி புது இலையும் புது வேரும் விடும் காலத்தில் உணவு தேவை. கடைகளில் 19:19:19 என்று நீரில் கரையும் உரம் கிடைக்கிறது. பொட்டலத்தில் கண்ட அளவைப் போடாமல், லிட்டருக்கு அரை கிராம் மட்டும் கரைத்து வாரம் ஒருமுறை, வேர் ஏற்கெனவே நனைந்திருக்கையில் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை உரமின்றி வெறும் நீரால் நன்கு அலசிவிடுங்கள். எருவும் மண்புழு உரமும் இதற்கு வேண்டா.

ஒளியைப் பொறுத்தமட்டில், ஃபலனோப்சிஸுக்குக் கிழக்குச் சன்னலோரம் போதும். நேர்வெயில் பட்டால் இலை வெந்துவிடும். டென்ட்ரோபியத்துக்குக் கூடுதல் ஒளி வேண்டும். பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலைக்குக் கீழோ, காலை வெயில் விழும் மாடத்திலோ வையுங்கள். இலை கரும்பச்சையாகித் தொய்ந்தால் ஒளி போதவில்லை. மஞ்சளித்தால் அல்லது செம்மை படர்ந்தால் மிகுதி.

தொட்டி மாற்ற ஏற்ற காலம் பூ உதிர்ந்து புது வேர் தலைகாட்டும் நேரம். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யலாம். ஆனால் பரிசாக வந்த செடியை மட்டும் முதல் பூ முடிந்ததுமே வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். வெளியே மரப்பட்டை தெரிந்தாலும், நாற்றாக இருந்தபோது சுற்றிய பாசி உருண்டை நடுவேரைச் சுற்றி இறுகிக் கிடப்பதுண்டு. வெளியே உலர்ந்திருக்க, அது வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை அழுகச் செய்யும். கைவிரலால் மெல்லப் பிரித்து அகற்றிவிடுங்கள்.

புதிதாக நிரப்ப, நம் கடலோரப் பகுதிக்கு மரக்கரித் துண்டும் செங்கல் துண்டும் சிறிது தேங்காய் மட்டைத் துண்டும் போதுமானவை. பிரியாணி தம் போட வாங்கிய கரியில் எரிக்காமல் மிஞ்சியதை உடைத்துக் கழுவிப் போடலாம். எரிந்து சாம்பல் படிந்த கரி ஆகாது. மட்டைத் துண்டுகளை மூன்று, நாலு நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும். செம்மண்ணை ஒரு பிடிகூடப் போடாதீர்கள். பெரிய தொட்டி வைத்தால் விரைவில் வளரும் என்பதும் தவறான எண்ணம். வேர்கள் நெருக்கமாக அடங்கும் அளவே சரி.

இலையடியில் வெள்ளைப் பஞ்சு போல் மாவுப்பூச்சியோ, பழுப்புப் பொட்டுகளாகச் செதில்பூச்சியோ கண்டால், சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். பூனை வளர்க்கும் வீட்டினர் அஞ்ச வேண்டாம்; ஃபலனோப்சிஸ் பூனைக்கு நச்சன்று.

பூ இருக்கும் காலத்துக்கும் ஒரு குறிப்பு. பழுத்த மாம்பழமும் வாழைப்பழமும் வெளிவிடும் எத்திலீன் வாயு ஆர்க்கிட் பூவை முன்னதாகவே வாடச் செய்யும். புகையிலும் அவ்வாயு உண்டு. பழத்தட்டுக்கு அருகிலும், சாம்பிராணி போடும் இடத்திலும் தொட்டியை வைக்காதீர்கள்.

உம்ராவுக்கோ, கோடை விடுமுறைக்குச் சொந்த ஊருக்கோ பத்து, பதினைந்து நாள் குடும்பத்தோடு போக நேர்ந்தால், புறப்படும் காலையில் நன்கு நனைத்து வடியவிட்டு, ஒளி குறைந்த இடத்தில் எல்லாத் தொட்டிகளையும் நெருக்கமாக வைத்துவிட்டுப் போங்கள். பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்தால், "வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்" என்று வற்புறுத்திச் சொல்லிவிட்டுப் போங்கள். பொறுப்பை ஏற்றவர்கள் அன்றாடம் ஊற்றினால்தான் அமானிதத்தைக் காத்ததாக எண்ணிக்கொள்வார்கள்.

மறுபடி எப்போது பூக்கும்? டென்ட்ரோபியம் நம் வெப்பத்துக்கு இசைந்தது. புதுத்தண்டு முற்றியதும் பூக்கும், ஆண்டுக்கு இருமுறைகூடப் பூக்கலாம். ஃபலனோப்சிஸ் அவ்வளவு எளிதில் இணங்காது. 28 டிகிரிக்கு மேல் வெப்பம் தொடர்ந்து நீடிக்கும் வரையில் அது பூந்தண்டு விடுவதில்லை. சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ந்த இரவுகள் அதற்குத் தேவை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பண்ணை அமைந்திருப்பதற்கு அந்த மலைக் குளிர்ச்சியும் உதவியாக நிற்கிறது. சென்னையிலும் நாகூரிலும் காயல்பட்டினத்திலும் இருப்பவர்களுக்கு வாய்ப்பான காலம் கார்த்திகை முதல் தை வரை. அம்மாதங்களில் இரவுக் காற்று படும் சன்னலோரத்தில், மழைச்சாரல் விழாதபடி வையுங்கள். ஓர் ஆண்டு தவறினாலும் எறிந்துவிடாதீர்கள். இலை கூடியிருந்தால் அடுத்த ஆண்டு வரும்.

இலைக்கடியிலிருந்து ஏதோ ஒன்று முளைத்து நீண்டால், அது வேரா பூந்தண்டா என்ற ஐயம் எல்லோருக்கும் எழும். வேரின் நுனி உருண்டு வழவழப்பாக, பச்சையாகவோ செம்பச்சையாகவோ இருக்கும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையுறை போலத் தோன்றும். சில நாளில் கணுவும் தெரியும். தண்டுதான் என்று உறுதியானதும் தொட்டியைத் திருப்பி வைக்காதீர்கள். ஒளி வரும் திசையை நோக்கியே அது வளரும். திருப்பத் திருப்ப முறுக்கிக்கொள்ளும். ஒரு சாண் உயர்ந்ததும் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை வேரில் குத்தாமல் நட்டு, நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். மொட்டு விரிய இன்னும் இரண்டு, மூன்று மாதமாகும். அதுவரை நீர் வார்க்கும் முறையை மாற்ற வேண்டியதில்லை.